நான்கு பெயர்கள் ஒன்றானபோது: 2013 ஆட்டிசக் கண்டறிதல் மாற்றம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அறங்காவலர் குழு, டி.எஸ்.எம். எனப்படும் தனது கண்டறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்கு 2012 டிசம்பர் 1 அன்று ஒப்புதல் அளித்தது. 2013 மே மாதம் வெளிவந்த அப்பதிப்பில் ஆட்டிசக் குறைபாடு, ஆஸ்பெர்கர் குறைபாடு, குழந்தைப்பருவச் சிதைவுக் குறைபாடு, வேறெதிலும் அடங்காத பரவலான வளர்ச்சிக் குறைபாடு என அதுவரை தனித்தனியாக நின்ற நான்கு பெயர்கள் நீக்கப்பட்டு, ஆட்டிச நிறமாலைக் குறைபாடு என்ற ஒரே பெயர் அவற்றின் இடத்துக்கு வந்தது. ஐந்தாவதாக அவற்றோடு இருந்த ரெட் நோய்க்குறி, மரபணு ஆய்வாளர் ஹுடா ஸோக்பியின் ஆய்வகம் 1999இல் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்துவிட்டதால், இந்தக் குடும்பத்திலிருந்தே வெளியேறியது. காரணம் தெரிந்த நோய் தனி வழியில் சென்றது. காரணம் தெரியாதவை ஒரே கூரையின்கீழ் வந்தன.

இந்த ஆய்வு அந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பெயர்களை ஒன்றாக்கியது அறிவியல் நோக்கில் சரியானதே என்பது இதை எழுதுபவரின் கருத்து. ஆனால், பழைய பெயர்கள் இரண்டு வேலைகளைச் செய்துவந்தன. குழந்தையின் நிலையை விவரிப்பது ஒன்று. பள்ளி, காப்பீடு, அரசு உதவி ஆகியவற்றைப் பெற்றுத் தருவது மற்றொன்று. கையேட்டைத் திருத்தியவர்கள் முதல் வேலையை மட்டுமே கருத்தில் கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளின் சச்சரவுகள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தே கிளம்பின.

முந்தைய பெயர்கள்

ஆட்டிசக் குழந்தைகளின் பெயர் மாறுவது 2013இல் தொடங்கிய வழக்கமன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, அவர்கள் தம்மிடம் வருவதற்கு முன் சுமந்திருந்த பெயர்களையும் குறிப்பிடுகிறார். பலர் மூளைவளர்ச்சி குன்றியவர்கள் என்ற முடிவோடு கொண்டுவரப்பட்டவர்கள்; ஒருவர் அத்தகையோருக்கான அரசுப் பள்ளியிலேயே வசித்துவந்தார்; இருவரை மனச்சிதைவு நோயாளிகள் என்று முன்பே கருதியிருந்தனர்; சிலருக்குக் காது கேட்காதோ என்ற ஐயமும் இருந்தது. ஆக, ஆட்டிசம் என்பதே ஒரு பெயர்மாற்றமாகத்தான் மருத்துவ உலகில் நுழைந்தது.

ஆனால் கையேடு அதை உடனே ஏற்கவில்லை. 1952இல் வந்த முதல் பதிப்பும் 1968இல் வந்த இரண்டாம் பதிப்பும் இத்தகைய குழந்தைகளை மனச்சிதைவின் குழந்தைப்பருவ வகையில் அடக்கின. 1971இல் தொடங்கப்பட்ட இத்துறையின் முதன்மை ஆய்விதழும் ஆட்டிசத்தையும் குழந்தைப்பருவ மனச்சிதைவையும் தன் தலைப்பில் இணைத்தே தாங்கியிருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இஸ்ரேல் கோல்வின், மிக இளம் வயதிலேயே அறிகுறிகள் தோன்றும் குழந்தைகளும் பத்து வயதை ஒட்டி அவை தோன்றும் குழந்தைகளும் இருவேறு கூட்டங்கள் என்று காட்டினார். பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் ஆய்வுகளும் அதே திசையில் சென்றன. 1979இல் அந்த இதழின் தலைப்பிலிருந்து மனச்சிதைவு நீங்கி வளர்ச்சிக் குறைபாடுகள் இடம்பெற்றன. 1980இல் மூன்றாம் பதிப்பு 'குழந்தைப்பருவ ஆட்டிசம்' என்று முதன்முறையாகத் தனிப் பெயர் கொடுத்தது.

அதன்பின் வரையறை விரிந்துகொண்டே போனது. 1987இன் திருத்தப் பதிப்பு, பதினாறு அறிகுறிகளில் எட்டு இருந்தால் போதும் என்றது. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் 1990இல் ஆட்டிசத்தைத் தனி வகையாகச் சேர்த்துக்கொண்டது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்த லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும், கானரின் குறுகிய வரையறைக்குள் அடங்காத, ஆனால் அதே வகை இடர்ப்பாடுகள் கொண்ட குழந்தைகள் அதைவிட அதிகமாக இருப்பதை 1979இல் எழுதியிருந்தனர். நிறமாலை என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்ததே. வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் ஜெர்மன் மொழியில் எழுதியதை 1981இல் ஆங்கில உலகுக்கு எடுத்துச் சென்றவரும் விங்தான். தனி நோய் ஒன்றைப் படைப்பதைவிட, நன்றாகப் பேசும் ஆட்டிசக் குழந்தைகளை மருத்துவர்கள் கவனிக்க வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. 1994இன் நான்காம் பதிப்போ ஆஸ்பெர்கரைத் தனி நோயாகவே பதிவுசெய்தது.

உள்ளே இருந்த முரண்

நான்காம் பதிப்பின் விதிப்படி ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட, குழந்தை இரண்டு வயதுக்குள் தனிச் சொற்களையும் மூன்று வயதுக்குள் சொற்றொடர்களையும் பேசியிருக்க வேண்டும். அறிவுத்திறனில் பின்னடைவு இருக்கக் கூடாது. இவற்றோடு ஒரு முன்னுரிமை விதியும் இருந்தது. ஆட்டிசக் குறைபாட்டின் அளவுகோல்களைக் குழந்தை நிறைவு செய்தால், அதற்கு ஆஸ்பெர்கர் என்ற பெயரைத் தரக் கூடாது. இவ்விதியை எழுத்துப்படி பின்பற்றினால் ஆஸ்பெர்கர் என்று சொல்ல ஏறத்தாழ யாருமே மிஞ்சமாட்டார்கள் என்பது விரைவில் தெரியவந்தது. 1997இல் ஜூடித் மில்லரும் சாலி ஓஸனாஃபும் ஆஸ்பெர்கர் விரிவாக விவரித்த நான்கு சிறுவர்களின் குறிப்புகளை எடுத்து இவ்விதிகளில் பொருத்திப் பார்த்தபோது, அவர்கள் ஆட்டிசக் குறைபாட்டுக்கே பொருந்தினார்கள். ஆஸ்பெர்கரின் சொந்தச் சிறுவர்களுக்கே ஆஸ்பெர்கர் குறைபாடு இல்லை என்று கையேடு சொன்னது!

எஞ்சியவர்களுக்கான தொகுப்புப் பெயரான 'வேறெதிலும் அடங்காத' வகையின் நிலை இன்னும் மோசம். 1994இன் உரையில் 'மற்றும்' வர வேண்டிய இடத்தில் 'அல்லது' அச்சாகிவிட்டதால், சமூக உறவில் குறையே இல்லாத குழந்தையையும் அதில் சேர்க்க முடிந்தது. இப்பிழை 2000ஆம் ஆண்டின் உரைத்திருத்தப் பதிப்பில்தான் களையப்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் அப்பெயரைப் பெற்ற குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான சான்று 2012இல் வந்தது. கேத்தரின் லார்டும் உடன் ஆய்வாளர்களும் வட அமெரிக்காவின் 12 பல்கலைக்கழக மையங்களில் பார்க்கப்பட்ட 2,102 குழந்தைகள், இளையோரின் தரவுகளை ஒப்பிட்டனர். எல்லா மையங்களிலும் ஒரே மதிப்பீட்டுக் கருவிகள் பயன்பட்டன. மதிப்பீட்டாளர்கள் ஒரே தரத்தில் பயிற்சி பெற்றிருந்தனர். குழந்தைகள் பெற்ற மதிப்பெண்களும் மையத்துக்கு மையம் பெரிதும் வேறுபடவில்லை. ஆயினும் இறுதியில் எழுதப்பட்ட பெயர் கடுமையாக வேறுபட்டது. ஒரு குழந்தைக்கு ஆட்டிசக் குறைபாடு, ஆஸ்பெர்கர், வேறெதிலும் அடங்காதது ஆகிய மூன்றில் எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல, அந்தக் குழந்தையின் எந்தப் பண்பைவிடவும் அது எந்த மையத்துக்குப் போனது என்ற செய்தியே அதிகம் உதவியது. பேச்சுத்திறன் சார்ந்த நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) எல்லா மையங்களும் ஏதோ ஒரு வகையில் கணக்கில் எடுத்தன. ஆனால் எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பதில் அவை ஒத்துப்போகவில்லை. பயிற்சி பெற்ற ஆய்வு மையங்களிலேயே இதுதான் நிலை என்றால், சாதாரண மருத்துவமனைகளில் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். உட்பிரிவுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்த ஒரு முடிவுக்கு இன்றுவரை நிறைவான விடை தரவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவது நல்லது. நாஜி ஆட்சியோடு ஆஸ்பெர்கர் ஒத்துழைத்ததும், ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட வியன்னாவின் ஆம் ஷ்பீகல்கிரண்ட் நிறுவனத்துக்குக் குழந்தைகளை அனுப்பியதில் அவருக்கு இருந்த பங்கும் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் வெளியிட்ட ஆவண ஆய்வால் பரவலாகத் தெரியவந்தன. அதனால்தான் அவரது பெயர் நீக்கப்பட்டது என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. நீக்கியது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. அதற்கான காரணமும் வேறு.

விகிதங்களின் மோதல்

புதிய விதிகளின் வரைவு 2010 பிப்ரவரியில் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டது. பழைய விதியில் சமூக உறவு, தொடர்பாடல், ஒரே மாதிரியான நடத்தைகள் என மூன்று பகுதிகளில் 12 அறிகுறிகள் இருந்தன. சமூகப் பகுதியில் இரண்டும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றும் உட்பட மொத்தம் ஆறு தேவை. புதிய விதியோ முதல் இரண்டு பகுதிகளை இணைத்து அதில் மூன்று அறிகுறிகளை வைத்து, மூன்றும் கட்டாயம் என்றது; நடத்தைப் பகுதியில் நான்கில் இரண்டு வேண்டும் என்றது. கணக்கிட்டுப் பார்த்தால் பழைய விதியை நிறைவு செய்ய 2,027 வழிகள் இருந்தன. புதிய விதிக்கு 11 வழிகளே உள்ளன. ஒலி, ஒளி, தொடுகை போன்ற புலன் உணர்வுகளில் காணப்படும் மிகையும் குறையும் முதன்முறையாக அளவுகோலில் இடம்பெற்றன. வீடுகளில் பெற்றோர் நாள்தோறும் காணும் குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்வதும், சட்டையின் லேபிள் உரசினால் அழுவதும் அதுவரை கையேட்டின் கணக்கில் வரவில்லை என்பது இன்று வியப்பாகத் தோன்றும்.

நான்காம் பதிப்பின் ஆட்டிசப் பகுதியை முதன்மையாக உருவாக்கிய ஃபிரெட் வோல்க்மர், ஐந்தாம் பதிப்புக்கான குழுவிலிருந்து விலகியிருந்தார். அவரும் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்டும் பிரையன் ரைக்கோவும் நடத்திய ஆய்வின் முடிவு 2012 ஜனவரியில் நாளிதழ் வழியாக வெளியானபோது பெற்றோரிடையே பெரும் பதற்றம் எழுந்தது. ஆட்டிசக் குடும்பத்தின் பெயர்களில் ஏதேனும் ஒன்றைப் பெற்றிருந்த 657 பேரில் 60.6 விழுக்காட்டினரே புதிய விதிக்குப் பொருந்துவதாக அவ்வாய்வு சொன்னது. ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் மட்டுமே தேறினார். அதே ஆண்டில் ஹுவர்டா, லார்ட் முதலியோர் 4,453 குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு, 91 விழுக்காட்டினர் பெயரைத் தக்கவைத்துக்கொள்வார்கள் என்று எழுதினர்.

இரு விகிதங்களுக்கும் இடையிலான இத்தனை பெரிய இடைவெளிக்குக் காரணம் தரவின் வயது. வோல்க்மர் குழுவினர் பயன்படுத்தியது நான்காம் பதிப்பைச் சோதிக்க 1990களின் தொடக்கத்தில் திரட்டிய பதிவுகள். புலன் உணர்வு பற்றிய கேள்விகள் முழுமையாகக் கேட்கப்படாத காலத்துப் படிவங்கள் அவை. கேட்கப்படாத கேள்விக்கு விடை இருக்காது. விடையின்மை அறிகுறியின்மையாகக் கணக்கிடப்படும். மறுபுறம், ஹுவர்டாவின் ஆய்வு பெற்றோர் சொன்னதையே பெரிதும் நம்பியது. அதை எழுதியவர்களில் ஒருவரான லார்ட் புதிய விதியை வகுத்த குழுவின் உறுப்பினர். இரு தரப்பினரின் விகிதங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதிருப்பதே முறை.

அச்சத்தைத் தணித்தது அறிவியல் விவாதம் அன்று. இறுதிப் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு குறிப்பு. முந்தைய பதிப்பின்படி ஆட்டிசக் குறைபாடு, ஆஸ்பெர்கர், வேறெதிலும் அடங்காதது ஆகிய ஒன்று உறுதியாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு இனி ஆட்டிச நிறமாலைக் குறைபாடு என்ற பெயரைத் தர வேண்டும் என்று அது கூறியது. இதனால் யாரும் வெளியே தள்ளப்படவில்லை. ஆனால் ஒரு விந்தையான விளைவும் ஏற்பட்டது. 2012இல் மருத்துவரிடம் சென்ற குழந்தைக்குப் பழைய தளர்ந்த விதியும், ஒத்த அறிகுறிகளோடு 2014இல் சென்ற குழந்தைக்குப் புதிய இறுக்கமான விதியும் பொருந்தின. பின்னவருக்காகவே வைக்கப்பட்டதுபோல் 'சமூகத் தொடர்பாடல் குறைபாடு' என்ற புதிய பெயர் ஒன்று கையேட்டில் இருந்தது. அதற்கென நிலைபெற்ற மதிப்பீட்டுக் கருவியோ, சிகிச்சை வழிமுறையோ, உதவித் திட்டமோ அப்போது இல்லை.

கவனம் அதிகம் பெறாத, ஆனால் சிகிச்சை அறையில் பெரிய வேறுபாட்டைக் கொணர்ந்த மாற்றம் இன்னொன்று உண்டு. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடும் ஒரே குழந்தைக்கு இருப்பதாக எழுதுவதை நான்காம் பதிப்பு தடுத்திருந்தது. ஐந்தாம் பதிப்பு அத்தடையை நீக்கியது. அதுவரை இரண்டில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தாக வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்படாத மற்றது பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போனது. பெயர்மாற்றங்களில் குழந்தைகளுக்கு உடனடியாகப் பயன்பட்டது இதுவே என்பேன்.

பெயரோடு வரும் உதவிகள்

கலிபோர்னியாவில் 1992 முதல் 2005 வரையிலான அரசுப் பதிவுகளை ஆராய்ந்த மரிசா கிங்கும் பீட்டர் பியர்மனும், அங்கு ஆட்டிச எண்ணிக்கையில் ஏற்பட்ட உயர்வின் ஏறத்தாழ கால் பங்கு, முன்பு அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்று மட்டும் பதிவாகியிருந்தவர்களுக்கு ஆட்டிசம் என்ற பெயரும் கிடைத்ததால் வந்தது என்று 2009இல் காட்டினர். இது ஏமாற்று வேலையல்ல. மருத்துவர்களின் பார்வை விரிந்ததும், அப்பெயருக்கு உதவிகள் கிடைக்கத் தொடங்கியதும் ஒன்றோடொன்று பின்னி நடந்தவை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பில், எட்டு வயதுக் குழந்தைகளில் 2000ஆம் ஆண்டு 150 பேருக்கு ஒருவர் என்றிருந்த ஆட்டிச விகிதம் 2022இல் 31 பேருக்கு ஒருவர் என்றானதை வாசிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் பெயரின் எல்லை எத்தனை முறை நகர்ந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

உட்பிரிவுகளை நீக்கிய ஐந்தாம் பதிப்பு, அவற்றுக்குப் பதிலாக மூன்று நிலைகளை வைத்தது: ஆதரவு தேவைப்படுவது முதல் நிலை, கணிசமான ஆதரவு தேவைப்படுவது இரண்டாம் நிலை, மிகக் கணிசமான ஆதரவு தேவைப்படுவது மூன்றாம் நிலை. உதவி பெறும் தகுதியை முடிவு செய்ய இந்நிலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே கையேடு எச்சரித்தது. நடந்ததோ வேறு. ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம், இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை ஆட்டிசம் என்ற சான்று உள்ளவர்களைத் தகுதி பெற வாய்ப்புள்ளோர் பட்டியலில் நேரடியாகச் சேர்த்தது. முதல் நிலைக் குழந்தையின் பெற்றோர் கூடுதல் சான்றுகளோடு வாதாட வேண்டியிருந்தது. பழைய உட்பிரிவுகள் செய்த வேலையை எண்கள் ஏற்றுக்கொண்டன.

நிலை என்பது குழந்தையின் நிலையான பண்பு அன்று. கானரின் பதினொருவரில் முதலாமவரான மிசிசிப்பி மாநிலத்தின் டொனால்டு டிரிப்லெட்டை எண்ணிப் பாருங்கள். நான்கு வயது நிறைவதற்கு முன்பே ஒரு நிறுவனத்தில் சேர்க்கப்பட்ட அவர், பின்னர் கல்லூரியில் பட்டம் பெற்று, குடும்பத்தார் நடத்திய வங்கியில் பணியாற்றி, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, தனியே பல நாடுகளுக்குப் பயணம் செய்து, 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார். நான்கு வயதில் அவருக்கு மூன்றாம் நிலை என்று எழுதியிருந்தால், நாற்பது வயதில் அதை என்ன செய்வது? அதே பதினொருவரில் வேறு சிலர் வாழ்நாள் முழுவதையும் அரசு மனநல விடுதிகளில் கழித்தார்கள் என்பதையும் கானரே 1971இல் பதிவுசெய்திருக்கிறார்; அங்கே கிடைத்த சூழலும் அவர்களின் தேய்வுக்குக் காரணம் என்று அவர் கருதினார்.

ஒன்றான பெயர் மீண்டும் பிளக்கத் தொடங்கியதே இந்நிகழ்வின் சுவையான பகுதி. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற பெயரை முன்மொழிந்தது. எந்நேரமும் பெரியவர் ஒருவரின் துணை தேவைப்படும், நுண்ணறிவு ஈவு 50க்குக் கீழ் உள்ள அல்லது மிகக் குறைவாகப் பேசும், எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை அது குறிக்கும். ஆணையத்தின் தலைவர்களில் ஒருவர் கேத்தரின் லார்ட். உட்பிரிவுகள் நம்பத்தக்கவையல்ல என்று 12 மையங்களின் சான்றோடு காட்டியவரே புதிய உட்பிரிவு ஒன்றைக் கேட்டது முரணாகத் தோன்றலாம். இது மருத்துவப் பிரிவு அன்று, நிர்வாகத் தேவைக்கான பெயர் என்பது ஆணையத்தின் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்கலாம். ஏனெனில் பேசாத, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தாயும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞரும் ஒரே சொல்லின்கீழ் நிற்கும்போது, கருத்தரங்குகளிலும் ஆய்வுகளிலும் முன்னவரின் குரல் அரிதாகவே கேட்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் உரிமைக் குழுக்கள் பல இப்பெயரை எதிர்க்கின்றன. பிரிக்கப்படுபவர்களின் விருப்பத்தைக் கேட்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதாக அது அமையும் என்பது அவர்களின் கவலை.

இந்தியாவில் மாறிய பெயர்

ஆஸ்பெர்கர் நீங்கியது இந்தியாவின் பெரும்பாலான பெற்றோரை நேரடியாகத் தொடவில்லை. இங்கே வேறொரு பெயர்மாற்றம் அதைவிடப் பெரியது. 1995இன் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டும் பட்டியலிட்டது. அவற்றில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது என்றாலும், சலுகைகளுக்கான சான்றிதழ் 1995இன் பட்டியலையே சார்ந்திருந்தது. எனவே சான்றிதழ் வேண்டிய ஆட்டிசக் குழந்தைக்கு மனவளர்ச்சி குன்றியவர் என்ற வகையே வழியாக இருந்தது. நுண்ணறிவில் பின்னடைவு இல்லாத குழந்தைக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, ஆட்டிச நிறமாலைக் குறைபாட்டைத் தனி வகையாக வைத்தது. அரசு வேலைவாய்ப்பிலும் ஆட்டிசத்தை உள்ளடக்கிய பிரிவுக்கு இடஒதுக்கீடு தந்தது.

அந்தச் சான்றிதழுக்கான கருவி ஐ.எஸ்.ஏ.ஏ. எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். செகந்திராபாத்தின் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் உருவாக்கிய இதில் ஆறு பகுதிகளில் 40 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70க்குக் கீழ் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனம் தேவை. அந்த எல்லை 70 மதிப்பெண்ணோடு பொருந்துமாறு அமைக்கப்பட்டது. ஆகவே, இந்தியப் பெற்றோருக்கு நடைமுறையில் பொருள் தரும் பெயர் ஆஸ்பெர்கருமன்று, முதல் நிலையுமன்று, யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அச்சாகும் விழுக்காடுதான்.

தனியார் மருத்துவரின் அறிக்கையில் ஐந்தாம் பதிப்பின்படி 'ஆட்டிசம், முதல் நிலை' என்று எழுதப்பட்ட, நன்றாகப் பேசும் சிறுமி, அரசு மருத்துவக் குழுவின் முன் அமைதியாக அமர்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால், 70ஐ எட்டாமல் போகலாம். வெளியில் தன் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்ளக் கற்றவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். சூழலின் எதிர்பார்ப்பு திறனை மீறும் வரை அறிகுறிகள் முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம் என்று ஐந்தாம் பதிப்பே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சிறுமிக்கு ஒரு கையேட்டின்படி ஆட்டிசம் உண்டு, ஓர் அளவுகோலின்படி இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் கேட்டு அவளது பெற்றோர் விண்ணப்பிக்கும்போது, தேர்வுத் துறை கேட்பது இரண்டாவதன் தாளை.